வெளியூர் போனவள் தட்டு

1962 நவம்பர் 28
சுருகா கடற்கரை

அன்புள்ளவருக்கு நோபுயே எழுதிக்கொள்வது.

ரயில் மாறி ரயில் ஏறி ஒருவழியாக இந்தக் கடற்கரைக்கு வந்து சேர்ந்துவிட்டேன். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்திருக்கிறதா? மாமாவின் இருமல் மட்டுப்பட்டதா? தொழுவத்தில் குரோ ஒழுங்காகத் தீனி எடுக்கிறாளா? அங்கே மலை உச்சியில் வெள்ளை தட்டியிருக்கும். இங்கே இன்னும் நல்ல வெயில். சொன்னால் நம்பமாட்டீர்கள், துணியை வெளியே கொடியில் போட்டேன், சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது. நம் ஊரில் இந்த மாதத்தில் துணியை வெளியே போட்டால் பலகையாகத்தான் எடுக்கவேண்டும்.

மொச்சிசுகி ஆரஞ்சுக் கூடத்தில் என்னைப் போலக் குளிர்காலக் கூலிக்கு வந்த பெண்கள் நிறையப் பேர். வேலை கஷ்டமில்லை. பறித்து வருகிற கமலா ஆரஞ்சைக் கையால் உருட்டிப் பார்த்து, பெரிது சிறிது பிரித்து, காம்பை ஒட்ட நறுக்கிப் பெட்டியில் அடுக்கவேண்டும். காம்பு நீட்டிக்கொண்டிருந்தால் பக்கத்துப் பழத்தைக் குத்திவிடும். அதுதான் இதில் உள்ள சூட்சுமம்.

வருஷா வருஷம் பனி விழுந்ததும் டோக்கியோவுக்குக் கூலி வேலைக்குப் போவது நீங்கள், வீட்டைப் பார்த்துக்கொள்வது நான். இந்த வருஷம் நெல் உலர்த்தும் பரணிலிருந்து விழுந்து நீங்கள் காலை உடைத்துக்கொண்டதில் எல்லாம் தலைகீழ். "பொம்பளைய வேலைக்கு அனுப்பிட்டு..." என்று மாமா ஆரம்பித்து முடிக்காமல் விட்டதை நான் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். போகட்டும்.

முள்ளங்கி ஊறப்போட்ட தொட்டியின் மேல் இருக்கும் கல்லை எடுத்தால் திரும்ப வைக்க மறக்காதீர்கள். எனக்கு ஒரு வாக்கு மட்டும் கொடுங்கள். என்ன பனி பெய்தாலும் அந்தக் காலோடு கூரைமேல் ஏறக்கூடாது. கோன்ரோகு அண்ணனைக் கூப்பிடுங்கள். கிண்டல் செய்வார், ஆனால் வருவார்.

குளிரில் காலைக் காட்டாதீர்கள்.

நோபுயே


1962 டிசம்பர் 9
காமினோசாவா

நோபுயேவுக்குத் தொயோஜி எழுதுவது.

உன் கடிதம் வந்தது. நீ சுகமாகப் போய்ச் சேர்ந்ததில் நிம்மதி. முழங்கால் பரவாயில்லை. அப்பா நன்றாக இருக்கிறார், என்னைத் திட்டுவதற்கு மூச்சு தாராளமாக இருக்கிறது. பனி இப்போதே வேலி உயரம். கூரையைப் பற்றி நீ கவலைப்படாதே, ஏறமாட்டேன்.

சோறு வடிக்கக் கற்றுக்கொண்டேன். முதல் பானை கரி. அடுத்தது கஞ்சி. இப்போது அப்பா குறை சொன்னாலும் தட்டைக் காலி செய்கிற அளவுக்கு வந்திருக்கிறது. கூட்டுறவுக் கடையில் எல்லார் முன்னாலும் கோன்ரோகு அண்ணன் அப்பா பெயரையும் இழுத்துக் கேட்டார்: "என்னப்பா தொயோஜி, கன்பெய் வீட்டுக்குப் புது மருமக வந்திருக்காளாமே! நொண்டி நொண்டி நடக்கிறாளாம், ஆனா சமையல் மோசமில்லையாம்!" கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துவைத்தேன், வேறென்ன செய்ய.

ஒரு பெரிய தப்பு நடந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ போன அன்று ராத்திரி அப்பா, "நோபுயேவுக்குத் தட்டு வெக்கலியாடா?" என்றார். வெளியூர் போனவருக்கு அவர் உட்காருகிற இடத்தில் தட்டு வைப்பது தெரியும். அம்மா அப்பாவுக்கு வைத்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். சோறும் மூடிபோட்ட கிண்ணத்தில் சாறும் வைத்தேன். சாப்பாடு முடிந்ததும் மூடியைத் திறந்து பார்த்தோம். உள்ளே முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. அப்படியென்றால் போனவள் சுகமாக இருக்கிறாள் என்று அப்பா திருப்திப்பட்டார். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்து, தட்டிலிருந்ததை வழித்துக் குரோவுக்குப் போட்டுவிட்டேன். தினமும் அப்படித்தான் செய்திருக்கிறேன். நேற்று அப்பா பார்த்துவிட்டார்.

"அட மடையா! பொண்டாட்டி சோத்த மாட்டுக்கா போட்ட? அத வீட்டாளுங்கதான் சாப்பிடணும்டா! இப்படிப் பண்ணா அவ திரும்பி வர்றப்ப வீட்டுக்கு வரமாட்டா, நேரா தொழுவத்துக்குத்தான் போவா!"

குரோ மட்டும் நன்றாகச் சதை போட்டிருக்கிறாள். நீ அந்தத் தட்டை என்ன செய்வாய்? முறையை எழுது, அப்படியே செய்கிறேன்.

கடல்காற்று ஈரமாம், நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்.

தொயோஜி


1962 டிசம்பர் 17
சுருகா கடற்கரை

அன்புள்ளவருக்கு,

காலையில் விரல்கள் மரத்துப்போவதைத் தவிர எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்த விரல்களும் ஆரஞ்சை உருட்டி உருட்டி மஞ்சளாகிவிட்டன. மாமாவுக்கு இருமல் வந்தால் முள்ளங்கியைத் தேனில் ஊறப்போட்டுக் கொடுங்கள்.

தட்டு விஷயத்தை இங்கே உரக்கப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு வலித்துவிட்டது. அகிதாவிலிருந்து வந்திருக்கும் ஷிமா அக்கா சொன்னாள்: "உம் புருஷன விடு, நீ ஊருக்குப் போனதும் அந்த மாடு ஒன்னக் கட்டிக்கிட்டு அழப்போவுது பாரு!"

முறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. சூடாக வையுங்கள். பிறகு யாராவது சாப்பிட்டால் சரி.

இங்கே எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பானையிலிருந்து போடுகிறார்கள். முதல் நாள் அவசரப்பட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டேன். "எனக்குச் சூடு பழக்கமில்ல" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

கூடத்துக்குச் சொந்தக்காரி மொச்சிசுகி அம்மா. கறாரான பெண்மணி, ஆனால் நல்ல மனசு. அவர் ஒவ்வொருத்தி பெயரையும் ஒரு சின்னப் பலகையில் எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறார். காலையில் வந்ததும் அவரவர் பலகையைத் திருப்பிவைக்கவேண்டும். முதல் நாள் என் பலகை எது என்று எனக்கே சட்டென்று தெரியவில்லை. ஊரில் என்னை எல்லோரும் 'கன்பெய் வீட்டு மருமகள்' என்றுதானே சொல்வார்கள்.

புது வருஷத்துக்கு மோச்சி அரிசிப் பலகாரம் இடிக்க நின்றபடி கஷ்டப்படாதீர்கள், உரலைத் தாழ்வாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

நோபுயே


1962 டிசம்பர் 27
காமினோசாவா

நோபுயே,

நாங்கள் இருவரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறேன், வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

உன் கடிதத்தில் நாக்கைச் சுட்டுக்கொண்டதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு நானும் முதலில் சிரித்தேன். பிறகு கொஞ்சம் உறுத்தியது. சாப்பிடும்போது அப்பாவைக் கேட்டேன், "நான் டோக்கியோ போனப்ப எனக்கு வெச்ச தட்ட நோபுயே என்ன பண்ணுவா?"

"என்ன பண்ணுவா, அவதான் தின்பா. நாம சாப்பிட்டு முடிச்சு, மூடியத் திறந்து பாத்து, எல்லாம் கழுவி வெச்சப்புறம் அடுக்களைல ஒக்காந்து அதத் தின்பா. அதான் அவளுக்கு ராச்சோறு. தனியா ஒரு வாய் சுடுசோறு போட்டுக்கிட்டு நான் பாத்ததில்ல."

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியே" என்றார்.

ஏழு குளிர்காலம். வருஷத்தில் பாதி நாள் நீ என் ஆறிப்போன சோற்றைத்தான் தின்றிருக்கிறாய். நான் அங்கே கட்டட வேலை முடிந்து கூட்டாளிகளோடு ஆவி பறக்கும் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டு, "எனக்கென்ன, எம் பொண்டாட்டி ஊர்ல கணப்பு ஓரமா சொகமா இருப்பா" என்று பேசியிருக்கிறேன். அன்று ராத்திரியிலிருந்து உன் தட்டை நான்தான் சாப்பிடுகிறேன். சோறு விறைத்துப்போகிறது. சாற்றின் மேல் ஆடை படிகிறது. வாயில் வைக்க நன்றாகவே இல்லை நோபுயே.

மோச்சி இடித்தோம். உரலைத் தாழ்த்திப் போட்டேன், நீ சொன்னபடி. உன் பங்கை உலர்த்தி வைத்திருக்கிறேன்.

வருஷம் நல்லபடி பிறக்கட்டும். உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது.

தொயோஜி


1963 ஜனவரி 8
சுருகா கடற்கரை

அன்புள்ளவருக்கு,

புது வருஷம் உங்களுக்கும் மாமாவுக்கும் நோய்நொடி இல்லாமல் நடக்கட்டும். நான் நன்றாக இருக்கிறேன்.

தட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்துவைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்றுகூடச் சொல்லலாம். சோறு ஆறியது ஒரு கஷ்டமா, அதைப் பெரிதுபடுத்தாதீர்கள். யாராவது பார்த்தார்களே என்றுதான் அழுகை வந்தது.

இப்போது உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். மொச்சிசுகி அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒன் கை நல்ல கை. குளிர்காலத்துக்கு மட்டும் வந்து போறதுக்குப் பதிலா வருஷம் பூரா இங்கயே இருக்கலாமே? தோட்டத்துக்குப் பின்னால சின்ன வீடு ஒண்ணு காலியாத்தான் கெடக்கு. ஒங்க வீட்டுக்காரரும் வரட்டும், ஒக்காந்து பாக்கிற வேல அவருக்கும் இருக்கு. ஒனக்கு விருப்பமா, சொல்லு" என்றார். பிளம் பூக்கள் உதிர்வதற்குள் பதில் சொல்லவேண்டும்.

எனக்கு விருப்பமா என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

பொய் சொல்லமாட்டேன், இந்த இடம் எனக்குப் பிடித்திருக்கிறது. மாமா நிலத்தை விட்டு வரமாட்டார் என்பதும் தெரியும். ஏழு வருஷமாகக் குழந்தை இல்லை, நான் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று நம் ஊர்ப் பெண்கள் பேசுவதும் தெரியும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? உங்கள் மனதில் உள்ளதை எழுதுங்கள்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் விடாதீர்கள்.

நோபுயே


1963 ஜனவரி 13
காமினோசாவா

நோபுயேவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகமாக இருப்பதில் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம்.

பனி நிற்கவே மாட்டேன் என்கிறது. மேல்தெருவில் மாடி ஜன்னல் வழியாகத்தான் போய்வருகிறார்கள். கோன்ரோகு அண்ணனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, படுக்கையில் இருக்கிறார். கூரைப் பனியைப் பார்த்துக்கொள்கிறோம். குரோவுக்கு வைக்கோல் போதும். சாற்றுக்குப் போடும் மிசோ விழுது ஜாடியில் பாதிக்கு மேல் இருக்கிறது. முள்ளங்கி ஊறுகாய் நன்றாக வந்திருக்கிறது என்று அப்பாவே சொன்னார். அப்பா இப்போது வைக்கோல் செருப்பு பின்னுகிறார்.

மொச்சிசுகி அம்மா சொன்னது நல்ல விஷயம்தான். நீ யோசித்து உனக்கு எது சரியோ அப்படிச் செய்.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

தொயோஜி


1963 ஜனவரி 20
சுருகா கடற்கரை

அன்புள்ளவருக்கு,

எல்லோரும் நலம் என்று அறிந்தேன். மாடு நலம், மிசோ நலம், முள்ளங்கி நலம், கோன்ரோகு அண்ணனுக்கு மட்டும் இடுப்புவலி.

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான் வரவேண்டுமா வேண்டாமா என்று அதில் ஒரு வரி தேடினேன். 'உனக்கு எது சரியோ' என்பது பதில் இல்லை. முன்பின் தெரியாத மொச்சிசுகி அம்மாகூட நான் இருக்கவேண்டும் என்று ஆசைப்படுவதாக வாய்விட்டுச் சொன்னார். நீங்கள் மாட்டைப் பற்றி எழுதுகிறீர்கள்.

எனக்குக் கோபம் வந்திருக்கிறது. கோபத்தோடு எழுதியதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். கால் எப்படி இருக்கிறது?

நோபுயே


1963 பிப்ரவரி 5
சுருகா கடற்கரை

அன்புள்ளவருக்கு,

என்ன நடந்தது? எல்லோரும் உயிரோடு நன்றாக இருக்கிறீர்கள்தானே?

இன்று காலை மாமா பெயரில் தந்தி வந்தது. "நோபுயே உடம்பு எப்படி. உடனே பதில்." அவ்வளவுதான். மாமா தன் வாழ்நாளில் ஒரு தந்தியாவது அடித்திருப்பாரா? நான் சுகம் என்று உடனே பதில் தந்தி கொடுத்துவிட்டேன். நீங்களெல்லாம் எப்படி என்று அதில் கேட்டிருந்தேன், ராத்திரி ஆகியும் அதற்குப் பதில் வரவில்லை.

உங்கள் கடிதம் வந்து வாரக்கணக்காகிறது. என் கோபக் கடிதத்துக்குப் பதிலாகத்தான் மௌனம் சாதிக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் செய்தித்தாளில் பார்த்தால், நம் பக்கத்து ரயில்களெல்லாம் பனியில் அங்கங்கே நின்றுவிட்டனவாம். அப்படியானால் என் கடிதமே உங்களுக்கு வரவில்லையோ? எதை நம்புவது என்று தெரியவில்லை. கை ஆரஞ்சைப் பிரிக்கிறது, மனசு அங்கே கிடக்கிறது.

கோபத்தை மறந்துவிடுங்கள். ஒரு வரி போதும்.

நோபுயே


1963 பிப்ரவரி 11
காமினோசாவா

மருமகளுக்கு மாமனார் கன்பெய் எழுதுவது.

நான் கடிதம் எழுதுகிறவன் அல்ல. தொயோஜிக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நேற்றுத் தபால்காரன் பனிச்சறுக்குப் பலகையில் வந்து உன் கடிதங்கள் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தான். அவற்றைப் படித்துவிட்டு இவன் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

முதலில் நல்ல சேதி. யாரும் சாகவில்லை.

இனி மற்றது. உனக்குக் கொடுத்த வாக்கை மீறி இவன் கூரையேறினான். கோன்ரோகு படுத்துவிட்டான், அவனவனுக்கு அவனவன் கூரை, யாரைக் கூப்பிடுவது? காலை மடக்க முடியாதவன் முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போக முடியாமல் தொழுவக் கூரையின் இந்தப் பக்கப் பனியை மட்டும் தள்ளினான். "ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தித் தள்ளணும்டா, ஒரு பக்கம் பாரம் நின்னா இழுத்துடும்டா!" என்று கீழேயிருந்து கத்தினேன். "நாளைக்கு அந்தப் பக்கம்பா" என்றான். இங்கே பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரிந்த விஷயம் அது. விடிவதற்குள் பாரம் இழுத்து, தொழுவம் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. கோன்ரோகுகூட இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான், ஊரே வந்து மாட்டைத் தோண்டி எடுத்தது. குரோவுக்கு ஒரு கொம்பு போயிற்று. இப்போது அவள் அடுக்களைப் பக்கம் மண்தரையில் கட்டிக்கிடக்கிறாள். நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே அசைபோடுகிறாள்.

தந்தி நான்தான் அடித்தேன். உன் தட்டின் மூடி வறண்டு போயிருந்தது. ஒரு நாள் இல்லை, தொடர்ந்து அப்படியே இருந்தது. ஒரு சொட்டு நீர்கூடக் கோக்கவில்லை. உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர்களோடு கயிறு கட்டிக்கொண்டு தபால் நிலையம் போய்வந்தேன். அப்புறந்தான் தெரிந்தது, இந்தப் பயல் ஆறிய சோற்றையும் ஆறிய சாற்றையும் வைத்திருக்கிறான். பிறகு எங்கிருந்து நீர் கோக்கும்? ஏன்டா என்று கேட்டால் கணப்பைக் கிளறுகிறான். உன் தந்தி வந்தபின் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். தபால் நிலையத்துக்குத் திரும்பப் போக வழியில்லை, அதற்குள் தெரு மூடிவிட்டது.

உனக்குக் கடிதம் எழுதுகிறான். எழுதிக் கணப்பில் போடுகிறான். மறுபடி எழுதுகிறான். விறகு மிச்சமாகிறது. "வான்னு எழுதித் தொலையேன்டா" என்றேன். "ஏழு வருஷமா அவள ஒரு வார்த்த கேக்காதவன், மாடு அடுக்களைல நிக்கிற வீட்டுக்கு இப்ப எந்த மூஞ்சியோட வான்னு கேப்பேன்" என்கிறான். நான் சொல்லிக்கொடுத்த புத்தி இல்லை, அவன் சொந்தப் புத்தி, என்ன செய்ய.

நீ என்ன முடிவு செய்தாலும் எனக்கு வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். வருத்தமாகத்தான் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கன்பெய்


1963 பிப்ரவரி 15
காமினோசாவா

நோபுயே,

நீ சுகமாக இருக்கிறாய் என்ற தந்தியைத் தினமும் எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். அப்பா உனக்கு எழுதிவிட்டதாக இன்று ஒப்புக்கொண்டார். ஆகவே தொழுவம், மாடு, கொம்பு எல்லாம் உனக்குத் தெரியும். வாக்கை மீறினேன், மன்னித்துவிடு.

அவருக்கும் தெரியாதது ஒன்று இருக்கிறது. உன் தட்டில் வேண்டுமென்றேதான் ஆறியதை வைத்தேன். நான் எழுதிய அந்த அரைகுறைக் கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் வரவில்லை. ரயில் நின்றது எனக்குத் தெரியும். ஆனாலும், அவள் முடிவு செய்துவிட்டாள், இனி வரமாட்டாள் என்றே மனசு சொல்லிக்கொண்டிருந்தது. சூடாக வைத்து, அப்போதும் மூடி வறண்டிருந்தால் என்ன செய்வேன்? ஆறியதை வைத்தால், மூடி வறண்டது அதனால்தான் என்று என்னைத் தேற்றிக்கொள்ளலாம். உன்னைப் பற்றித் தெரிந்துகொள்ளவே எனக்குப் பயமாக இருந்தது. முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை எழுதுகிற விஷயமா இது என்று தோன்றுகிறது, இருந்தாலும் இந்தத் தாளைக் கணப்பில் போடப்போவதில்லை.

உனக்கு அந்த ஊர் பிடித்திருக்கிறது என்பது உன் எழுத்திலேயே தெரிகிறது. அங்கே உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். உன்னைக் கேட்டுச் செய்கிறார்கள். துணி காய்கிறது. இங்கே என்ன இருக்கிறது என்று காட்டி உன்னைக் கூப்பிடுவேன்? அதனால்தான் முள்ளங்கியைப் பற்றி எழுதினேன்.

அப்பாவை இந்த மலையில் தனியே விட்டுவிட்டு என்னால் அங்கே வந்து இருக்க முடியாது. அதை உன்னிடம் மறைக்கக்கூடாது. ஆனால் நீ இல்லாத வீட்டில் எனக்கு இருக்கப் பிடிக்கவில்லை. சமையலுக்கு ஆள் இல்லையே என்று சொல்லவில்லை, சமைக்க இப்போது எனக்கே தெரியும். நீ வேண்டும்.

நோபுயே, திரும்பி வருகிறாயா? கேட்கிறேன்.

தொயோஜி


1963 பிப்ரவரி 24
சுருகா கடற்கரை

அன்புள்ளவருக்கு,

உங்கள் கால், கோன்ரோகு அண்ணனின் இடுப்பு, குரோவின் கொம்பு, மூன்றும் எப்படி இருக்கின்றன? ஒரு பக்கக் கூரையை மட்டும் தள்ளியவருக்கு நான் கொடுக்கவேண்டிய திட்டு நிறையப் பாக்கி இருக்கிறது. கடிதத்தில் எழுதி வீணாக்க விரும்பவில்லை, நேரில் தருகிறேன்.

ஆமாம். வருகிறேன்.

உங்கள் கடிதத்தைக் கூடத்தின் பின்பக்கம் போய்ப் படித்தேன். கடைசி வரியை மட்டும் மறுபடி வாய்விட்டுப் படித்தேன். மொச்சிசுகி அம்மாவிடம் போய், வருஷம் முழுவதும் இருக்கமுடியாது என்று சொன்னேன். "வீட்டுக்காரர் கூப்பிட்டாரா?" என்றார். "கூப்பிடல, கேட்டாரு" என்றேன். அவருக்குப் புரிந்தது, சிரித்தார். அடுத்த குளிர்காலத்துக்கும் வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். என் பெயர்ப் பலகையை எடுக்கப்போவதில்லையாம். இது உங்களைக் கேட்காமல் நான் எடுத்த முடிவு. உங்கள் கால் சரியானாலும் வருவேன். வேண்டுமானால் மாறி மாறி வரலாம், அதைச் சண்டை போட்டு முடிவு செய்துகொள்வோம்.

இன்னும் ஒன்று. தனியாக ரயிலேறி வரமாட்டேன். நீங்கள் வந்து கூட்டிக்கொண்டு போங்கள். கல்யாணத்தின்போது தரகரும் என் சித்தப்பாவும் என்னைக் கொண்டுவந்து விட்டார்கள். நீங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தீர்கள். அதுதான் நம் பக்கத்து வழக்கம், குற்றம் சொல்லவில்லை. ஆனால் நான் எந்த வழியாக வந்தேன், வழியில் அழுதேனா இல்லையா என்று இன்றுவரை உங்களுக்குத் தெரியாது. இந்தத் தடவை அந்த வழியை என்னோடு சேர்ந்து பாருங்கள்.

குரோவை மாமா பார்த்துக்கொள்வார். காலை ஊன்றி நடக்க ஒரு தடியை எடுத்துக்கொள்ளுங்கள்.

நோபுயே


1963 மார்ச் 5
காமினோசாவா

நோபுயேவுக்குக் கன்பெய் எழுதுவது.

இன்று காலை முதல் ரயிலில் அவனை ஏற்றிவிட்டேன். இது நாளைக்கு உன் கைக்கு வந்தால் அவனும் கூடவே வருவான், முந்தினாலும் முந்துவான். தலைக்கு எண்ணெய் தடவிச் சீவியிருந்தான். கோன்ரோகு வாசலில் நின்று, "மாப்பிள்ள ஊர்வலம் போறார் பாருங்கடா!" என்று கத்தினான். தெருவில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். இவனுக்குக் காது வரைக்கும் சிவந்துபோயிற்று, ஆனால் தலையைக் குனியவில்லை.

படி ஏறும்போதுதான் கால் இழுக்கிறது. நீ ரயிலடியில் பாலத்தைத் தாண்டி அவன் இறங்குகிற பக்கமே நில், அவன் தனியாகப் படி ஏறி இறங்கவேண்டாம். அவனுக்குக் கடலைக் காட்டு. அவசரமில்லை. எனக்குச் சமைக்கத் தெரியாது என்று நினைக்காதே, குரோவும் நானும் சமாளிப்போம். இருமல் இல்லை.

உன் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினான். கொண்டுவந்து விட்ட வழியைப் பற்றி எழுதியிருந்தாய். நான் அதை நினைத்துக்கொண்டே இருந்தேன். எங்கள் பக்கத்தில் மருமகள் முதல்முதலாக வரும்போது அடுக்களை வாசலால்தான் உள்ளே வருவாள். என் அம்மா அப்படி வந்தாள், என் பெண்டாட்டி அப்படி வந்தாள், நீயும் அப்படித்தான் வந்தாய். அன்று மழை. கையில் துணிமூட்டையோடு நின்றாய், குனிந்து வா, நிலை தட்டும் என்று நான் சொன்னேன். வேறு எதுவும் சொன்னதாக நினைவில்லை.

தொழுவம் விழுந்ததிலிருந்து முன்வாசல் பனிக்குள் புதைந்து கிடந்தது. நாங்களும் மாடும் அடுக்களை வாசலால்தான் போய்வருகிறோம். இவன் ரயிலேறியதும் நான் பனிவாரியை எடுத்துக்கொண்டு முன்வாசலைத் தோண்ட ஆரம்பித்தேன். பனி இறுகிக் கல்லாகிவிட்டது. கதவின் மேல்பாதி தெரிகிறது. நீங்கள் வருவதற்குள் மீதியும் தெரிந்துவிடும். தெருவரைக்கும் படி வெட்டி, அவன் காலுக்காகச் சாம்பல் தூவிவைக்கிறேன்.

நீ அந்த வாசலால் வா. நிமிர்ந்தே வரலாம், நிலை தட்டாது.

ரொம்பத் தாமதிக்காதீர்கள். மறுபடி பெய்தால் இன்னொரு தடவை தோண்ட எனக்கு இடுப்பு இல்லை.

கன்பெய்